மாற்றத்தக்க பாதி, மாற்ற இயலாத பாதி: வாகனக் காப்பீட்டுக் கட்டணத்தின் வரலாறு

சென்னையிலிருந்து திருத்தணி, நகரி, புத்தூர் வழியாகத் திருப்பதிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், மலையடிவாரத்தை நெருங்கும் முன் வருவது வடமாலபேட்டை. அங்குள்ள சுங்கச்சாவடியில் இரண்டு கார்கள் அடுத்தடுத்து நிற்பதாகக் கொள்வோம். ஒன்று சென்னையில் பதிவானது, மற்றொன்று திருப்பதியில் பதிவானது. இரண்டும் ஒரே கம்பெனி தயாரித்தவை, ஒரே ஆண்டில் வாங்கப்பட்டவை. 2002ஆம் ஆண்டின் அகில இந்திய மோட்டார் கட்டண அட்டவணைப்படி சென்னைக் கார் ‘ஏ’ மண்டலத்தைச் சேர்ந்தது. சென்னை, மும்பை, கொல்கத்தா, புதுடெல்லி, பெங்களூர், ஐதராபாத், புனே, அகமதாபாத் ஆகிய எட்டு நகரங்களும் அம்மண்டலத்தில் அடங்கும். ஏனைய இந்தியா முழுவதும் ‘பி’ மண்டலம். ஆகவே வண்டிக்கு நேரும் சேதத்திற்காகச் சென்னைக்காரர் சற்றுக் கூடுதலாகவும் திருப்பதிக்காரர் சற்றுக் குறைவாகவும் கட்டணம் செலுத்தினர். இருவரும் ஒரே சாலையில்தான் ஓட்டுகிறார்கள் என்பதை அட்டவணை கருதவில்லை. பதிவு அலுவலகம் எங்கிருக்கிறது என்பதை மட்டுமே கருதியது. இன்றும் கம்பெனிகளின் கணக்கீட்டில் அந்த மண்டலப் பிரிவின் தடம் அழியவில்லை.

அதே இரு கார்களும் சாலையில் நடந்து செல்லும் ஒருவர்மீது மோதினால் தரவேண்டிய இழப்பீட்டுக்கான காப்பீடு வேறு வகை. அதன் கட்டணத்தில் மண்டலமும் இல்லை, கம்பெனிக்குக் கம்பெனி வேறுபாடும் இல்லை. பிரீமியம் ஏறிவிட்டதென்று சலித்துக்கொண்டு வேறு கம்பெனியைத் தேடிச் செல்லும் வண்டி உரிமையாளர் தம் ரசீதின் ஒரு பாதியில்தான் பேரம் பேச முடியும். மறு பாதி எங்கே சென்றாலும் அதே தொகைதான். இந்தப் பிளவு எவ்வாறு தோன்றியது என்பதற்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. கம்பெனியை மாற்றும் உரிமை அவ்வரலாற்றில் மிகவும் பிந்தி வந்த ஒன்று.

இந்தியாவில் பொதுக் காப்பீடு 1850இல் கல்கத்தாவில் டிரைட்டன் கம்பெனியுடன் தொடங்குகிறது. அது கப்பலையும் கிடங்கையும் காத்த ஐரோப்பிய வணிகம். பொதுக் காப்பீட்டின் எல்லா வகைகளையும் நடத்திய முதல் இந்தியக் கம்பெனியான இந்தியன் மெர்க்கண்டைல் 1907இல் தோன்றியது. மோட்டார் வண்டிகள் பெருகிய பின்னரே சாலை விபத்து ஒரு சட்டச் சிக்கலாகியது. பிரிட்டனில் 1930ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் மூன்றாம் தரப்புக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. அதன் வழியொற்றி இந்தியாவில் 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் எட்டாம் அத்தியாயம் எழுதப்பட்டது. இடையே போர் வந்தது. அந்த அத்தியாயம் நடைமுறைக்கு வந்த நாள் 1946 ஜூலை 1. வடமாலபேட்டை அப்போது சென்னை மாகாணத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ஆந்திர மாநிலம் பிறக்க ஏழு ஆண்டுகள் இருந்தன.

அச்சட்டத்தின் கருத்து எளிமையானது. லாரி மோதி இறந்தவரின் குடும்பம் நீதிமன்றத்தில் வென்றாலும், லாரிக்காரரிடம் பணமில்லையென்றால் தீர்ப்பு வெறுங்காகிதம். எனவே சாலையில் இறங்கும் ஒவ்வொரு வண்டிக்குப் பின்னாலும் பணம் தரக்கூடிய ஒரு கம்பெனி நிற்க வேண்டும். இங்கே கவனிக்க வேண்டியது, இந்தக் காப்பீட்டின் பயனைப் பெறுபவர் அதை வாங்கியவர் அல்லர் என்பது. வாங்குபவர் உரிமையாளர்; பயன் பெறுபவர் முன்பின் அறியாத ஒரு பாதசாரி. தம்மீது மோதப்போகும் வண்டி எந்தக் கம்பெனியில் காப்பீடு செய்திருக்க வேண்டும் என்று பாதசாரி தேர்ந்தெடுப்பதில்லை. பின்னாளில் எழுந்த கட்டணச் சண்டைகள் பலவும் இந்த ஒரு முரணிலிருந்து கிளைத்தவை.

சென்னையில் அக்காலத்தில் காப்பீட்டுத் தொழில் செழித்திருந்தது. யுனைடெட் இந்தியா ஃபயர் அண்ட் ஜெனரல் 1938இல் நிறுவப்பட்டது. மெட்ராஸ் மோட்டார் அண்ட் ஜெனரல் என்ற கம்பெனி பெயரிலேயே மோட்டாரைச் சுமந்திருந்தது. ஆனால் கம்பெனிகள் பலவாக இருந்ததால் விலைகளும் பலவாக இருந்தன என்று எண்ணிவிடலாகாது. தீ, மோட்டார் முதலிய இனங்களில் கம்பெனிகள் ஒன்றுகூடி வகுத்த கட்டணங்களே நிலவின. 1950ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தக் கூட்டு ஏற்பாட்டிற்குச் சட்ட வடிவம் தந்தது. வாடிக்கையாளரைப் பிடிக்க விலையைக் குறைக்க வழியில்லாதபோது போட்டி மேசைக்குக் கீழே நடந்தது. முகவர் தம் கமிஷனில் ஒரு பங்கைக் காப்பீடு எடுப்பவருக்கே திருப்பித் தந்துவிடுவார். 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 41ஆம் பிரிவு இதை வெளிப்படையாகத் தடைசெய்தது. எழுதித் தடுக்க வேண்டிய அளவுக்கு அது பரவியிருந்தது என்பதற்கு அப்பிரிவே சான்று. 1957இல் தொழில் நடத்தை விதிகள் வகுக்கப்பட்டமைக்கும் இத்தகைய முறைகேடுகளே பின்னணி. அன்று கம்பெனி மாறுதல் என்பது பெரும்பாலும் முகவர் மாறுதல்தான். விலையல்ல, கழிவே மாறியது.

1968ஆம் ஆண்டுத் திருத்தம் இரண்டு முக்கிய மாற்றங்களைக் கொண்டுவந்தது. ஒன்று, கட்டண ஆலோசனைக் குழு. மற்றொன்று 64 வி.பி. பிரிவு: பிரீமியம் முன்கூட்டிக் கையில் வராமல் எந்தக் கம்பெனியும் ஆபத்தை ஏற்கக்கூடாது. ‘அடுத்த வாரம் தருகிறேன்’ என்று சொல்லிப் பாலிசி வாங்கும் வழக்கத்தைச் சட்டப்படி முடித்துவைத்தது அப்பிரிவு. காலாவதியான பாலிசியோடு ஓடும் வண்டி ஒரே நாள் இடைவெளியிலும் காப்பற்று நிற்பது அதன் விளைவுதான்.

1971 மே 13 அன்று பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகளின் நிர்வாகத்தை அரசு எடுத்துக்கொண்டது. 1973 ஜனவரி 1 முதல் 107 கம்பெனிகள் நான்காயின: கல்கத்தாவில் நேஷனல், பம்பாயில் நியூ இந்தியா, டெல்லியில் ஓரியண்டல், சென்னையில் யுனைடெட் இந்தியா. ஒன்றோடொன்று போட்டியிடட்டும் என்பதற்காகவே நான்காக வைக்கப்பட்டன. ஆனால் போட்டியிடப் பொருள் எதுவும் விடப்படவில்லை. கட்டணம் ஒன்று, பாலிசியின் வாசகம் ஒன்று, முதலாளியும் ஒருவரே. அந்த முப்பத்துச் சொச்சம் ஆண்டுகளில் சித்தூர் மாவட்டத்து லாரி உரிமையாளர் ஒருவர் கம்பெனியை மாற்றினால், கிளை அலுவலகத்தின் நடத்தையோ வளர்ச்சி அதிகாரியின் பழக்கமோ காரணமாக இருந்திருக்கலாம். விலை காரணமாக இருக்க இயலாது.

இதே காலத்தில் மறுபக்கத்தில், அதாவது பாதிக்கப்பட்டவரின் பக்கத்தில், பெரும் மாற்றம் நிகழ்ந்தது. கட்டண வரலாற்றை எழுதுவோர் பலரும் இதைக் கடந்து போய்விடுகிறார்கள். 1939ஆம் ஆண்டுச் சட்டத்தில் சரக்கு வண்டிக்கான காப்பீட்டுக் கம்பெனியின் பொறுப்பு ஒரு விபத்துக்கு 20,000 ரூபாய் என்ற வரம்புக்குள் இருந்தது. 1969ஆம் ஆண்டுத் திருத்தம் அதை 50,000 ஆக்கியது. 1982ஆம் ஆண்டுத் திருத்தம் 1,50,000 ஆக்கியது. 1988ஆம் ஆண்டின் புதிய மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது, மரணத்திற்கும் காயத்திற்கும் வரம்பே இல்லாமல் போயிற்று. தீர்ப்பாயம் எவ்வளவு விதிக்கிறதோ அவ்வளவையும் கம்பெனி தரவேண்டும்.

1994ஆம் ஆண்டுத் திருத்தம் மேலும் இரண்டு கதவுகளைத் திறந்தது. விபத்து நடந்த இடத்தில்தான் வழக்குத் தொடுக்க வேண்டும் என்ற நிலை மாறி, மனுதாரர் வசிக்கும் ஊரிலேயே தொடுக்கலாம் என்றாயிற்று. மனுவுக்கான காலக்கெடுவும் நீக்கப்பட்டது. வடமாலபேட்டை போன்ற எல்லைப் புறத்து ஊருக்கு முதல் மாற்றம் மிகவும் பொருந்தியது. திருப்பதிக்குப் பாதயாத்திரை சென்ற தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் ஆந்திரச் சாலையில் அடிபட்டால், அவர் குடும்பம் மொழி தெரியாத நீதிமன்றத்திற்கு அலைய வேண்டியதில்லை. தம் மாவட்டத் தீர்ப்பாயத்திலேயே மனுச் செய்யலாம். நியாயமான சட்டம். ஆனால் கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் அதன் பொருள் வேறு: இன்று வாங்கிய சில நூறு ரூபாய் பிரீமியத்திற்குப் பல ஆண்டுகள் கழித்து, நாட்டின் எந்த மூலையிலிருந்தும், எத்தனை இலட்சத்திற்கும் கோரிக்கை வரலாம். இந்தக் காலக்கெடு 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியே ஆறு மாதம் என்று மீண்டும் வந்தது. 2022 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் உள்ளது.

பொறுப்பு வரம்பின்றி விரிந்தது. கட்டணம் அதற்கேற்ப உயரவில்லை. உயர்த்தினால் லாரிகள் நிற்கும், விலைவாசி ஏறும், ஆட்சியாளருக்குத் தலைவலி. இடைவெளியை நிரப்பியது தீக்காப்பீடு. ஆலைகளும் கிடங்குகளும் செலுத்திய தீக்காப்பீட்டுக் கட்டணம், அவற்றில் நேர்ந்த இழப்பைவிட மிகுதியாக இருந்தது. அந்த மிச்சம் மோட்டார் பிரிவின் பள்ளத்தை மூடியது. எந்தச் சட்டமும் இதை எழுதிவைக்கவில்லை. எந்த அமைச்சரும் அறிவிக்கவில்லை. ஆயினும் நான்கு கம்பெனிகளும் ஒரே கட்டண அட்டவணையும் இருந்தவரை இது ஓசையின்றி நடந்தது. எல்லோருக்கும் ஒரே விலை என்ற ஏற்பாட்டின் உண்மையான பயன் இதுதான் எனலாம்: ஆலைக்காரர் போவதற்கு வேறிடம் இல்லாததால் லாரிக்காரரின் சுமை குறைந்தது.

ரிசர்வ் வங்கியின் முன்னாள் ஆளுநர் ஆர். என். மல்ஹோத்ரா தலைமையிலான குழு 1993இல் அமைக்கப்பட்டு 1994இல் அறிக்கை தந்தது. தனியாரை அனுமதிக்க வேண்டும் என்றது. 1999இல் ஐ.ஆர்.டி.ஏ. சட்டம் நிறைவேறியது. 2000ஆம் ஆண்டு அக்டோபரில் முதல் தனியார் உரிமங்கள் வழங்கப்பட்டன; அவற்றுள் சென்னையின் ராயல் சுந்தரமும் ஒன்று. இவ்வாறு கம்பெனிகள் பல வந்துவிட்டன. விலையோ இன்னும் ஒன்றாகவே இருந்தது.

இந்த இடைக்காலத்தில்தான் ஒரு சுவையான ஆவணம் பிறந்தது: முன்னே குறிப்பிட்ட 2002ஆம் ஆண்டு மோட்டார் அட்டவணை. அதன் 27ஆம் பொது விதி ‘நோ கிளெய்ம் போனஸ்’ பற்றியது. ஓராண்டு கோரிக்கை ஏதும் இல்லையெனில் சொந்தச் சேதக் கட்டணத்தில் 20 விழுக்காடு தள்ளுபடி. அது 25, 35, 45 என ஏறி ஐந்தாம் ஆண்டில் 50 விழுக்காட்டை அடையும். அந்தத் தள்ளுபடி வண்டியைச் சேர்ந்ததன்று, உரிமையாளரைச் சேர்ந்தது. வண்டியை விற்றாலும் அது அவரிடமே நிற்கும். கம்பெனியை மாற்றினாலும் அவரோடு செல்லும். பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்க வேண்டும் என்பதே நிபந்தனை. புதிய கம்பெனி பழைய கம்பெனிக்கு எழுதி உறுதி கேட்க வேண்டும் என்றும் விதி சொன்னது. விலை எங்கும் ஒன்றாக இருந்த காலத்தில், மாறிச் செல்வோரின் உரிமையை இத்துணை நுணுக்கமாக எழுதி வைத்திருந்தார்கள். வீடு கட்டும் முன்பே வாசற்படிக்கு வெள்ளையடித்தது போல. மருத்துவக் காப்பீட்டில் இதற்கிணையான உரிமை 2011 அக்டோபரில்தான் வந்தது.

2007 ஜனவரி 1. தீ, பொறியியல், மோட்டார் சொந்தச் சேதம் ஆகியவற்றின் கட்டண அட்டவணை அன்று நீக்கப்பட்டது. கம்பெனியை விலைக்காக மாற்றும் உரிமைக்குப் பிறந்தநாள் சொல்ல வேண்டுமானால் இதுவே. அதற்குப் பிறகு நிகழ்ந்தவை விரைவானவை. ஆலைகள் கம்பெனிகளை ஏலம் விடுவது போல் அலையவிட்டன. தீக்காப்பீட்டுக் கட்டணம் சரிந்தது. கார் வைத்திருப்போரும் தள்ளுபடியை அனுபவித்தார்கள். ஆனால் லாரியின் பள்ளத்தை மூடிவந்த மிச்சம் வற்றியது. மூன்றாம் தரப்புக் கட்டணத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் மட்டும் ஐ.ஆர்.டி.ஏ.யிடம் நின்றது, இனி அந்தக் கட்டணம் தன் காலில் தானே நிற்க வேண்டியதாயிற்று. ஒருவருக்குக் கிடைத்த மாறும் உரிமை, மாற இயலாத மற்றொருவரின் கட்டண உயர்வாக வெளிப்பட்டது. 2007க்குப் பிந்திய மூன்றாம் தரப்பு உயர்வுகளைக் கம்பெனிகளின் பேராசை என்ற ஒற்றைச் சொல்லால் விளக்குவோர் இந்தத் தொடர்பைக் காணத் தவறுகிறார்கள்.

லாரிக்காரருக்கு இன்னொரு இடரும் இருந்தது. கம்பெனிகளை அவர் மாற்றுவது இருக்கட்டும், கம்பெனிகளே அவரை விரும்பவில்லை. விலை கட்டுப்பட்டது, பொறுப்பு கட்டற்றது. அத்தகைய பாலிசியை யார் மனமுவந்து எழுதுவார்? ஆகவே 2007 ஏப்ரல் 1 முதல் வணிக வாகனங்களுக்கான மூன்றாம் தரப்புக் காப்பீடு முழுவதும் ஒரு பொதுத் தொகுப்பில் வைக்கப்பட்டது. யார் எழுதினாலும் இழப்பை எல்லாக் கம்பெனிகளும் சந்தைப் பங்கின்படி பகிர்ந்துகொள்ளும். மறுப்பு குறைந்தது, பொறுப்புணர்வும் குறைந்தது. ஊர்ப்பணத்தில் நடக்கும் வழக்கைக் கூர்ந்து வாதாட எந்தக் கம்பெனிக்கும் அக்கறையில்லை. 2011 மார்ச்சில் ஒழுங்காற்று ஆணையம் அந்தத் தொகுப்புக்கு 153 விழுக்காடு இழப்பு விகிதத்தில் நிதி ஒதுக்குமாறு பணித்தது. நூறு ரூபாய் வாங்கினால் 153 ரூபாய் தரவேண்டிவரும் என்று பொருள். 2012 மார்ச்சோடு தொகுப்பு கலைக்கப்பட்டது. அதன்பின் மறுக்கப்பட்ட வண்டிகளுக்கு மட்டுமான சிறிய தொகுப்பு ஒன்று 2016 வரை நீடித்தது.

2017 மார்ச் 30 அன்று தென்மாநில லாரிகள் நின்றன. கோரிக்கைகள் பல, முதன்மையானது மூன்றாம் தரப்புப் பிரீமியத்தின் உயர்வு. சரக்குந்து உரிமையாளர்களின் வாதத்தில் உண்மை இருந்தது. கார்க்காரர் தம் பிரீமியம் ஏறினால் அடுத்த கம்பெனியின் வாசலுக்குப் போகிறார். தங்களுக்கு அடுத்த வாசல் இல்லை, எனவே சாலையில் நிற்கிறோம் என்பது அதன் சாரம். வேலைநிறுத்தத்திற்குப் பின் ஆணையம் உயர்வைக் குறைத்து அறிவித்தது. சந்தையில் ஒருவர் தனியே செய்யும் பேரத்தை, சந்தையற்ற இடத்தில் சங்கம் செய்தது.

வீட்டுக் காப்பீட்டின் கதையைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். மாற்றுவதற்கு முன் எடுத்திருக்க வேண்டுமே. தீக்காப்பீட்டின் ஒரு சிறு கிளையாகவே அது இங்கு வளர்ந்தது. பெரும்பாலோர்க்கு வங்கி வீட்டுக்கடனோடு ஒட்டிவந்த ஒரு தாள். 2007இல் விடுதலை பெற்று வீழ்ந்த தீக்காப்பீட்டு விலையை, 2019, 2020ஆம் ஆண்டுகளில் தேசிய மறுகாப்பீட்டு நிறுவனமான ஜி.ஐ.சி. ரீ குறைந்தபட்ச விகிதங்களை வற்புறுத்தி நிமிர்த்தியது. அட்டவணையை வாசல் வழியே அனுப்பிவிட்டுச் சன்னல் வழியே அழைத்ததாகவே இதைக் கொள்ள வேண்டும். 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாக் கம்பெனிகளும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற ஒரே வாசகமுள்ள வீட்டுப் பாலிசியை வழங்குமாறு விதிக்கப்பட்டது. வாசகம் ஒன்று, விலை வெவ்வேறு. 2007க்கு முந்திய நிலைக்கும் பிந்திய நிலைக்கும் இடைப்பட்ட சமரசம். அதே ஆண்டு நவம்பரில் திருப்பதி நகரை மழைவெள்ளம் சூழ்ந்தது. ராயலச்செருவு உடையுமோ என்று சுற்றுவட்டாரக் கிராமங்கள் அஞ்சின.

வாகனக் காப்பீட்டின் பிளவை இறுதியாக முத்திரையிட்டது ஒரு தமிழ்நாட்டு வழக்கு. கோயம்புத்தூர் எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காக 2012இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனுத் தொடுத்தார். அவ்வழக்கில் 2018 ஜூலை 20 அன்று வந்த ஆணை, புதிய கார்களுக்கு மூன்றாண்டும் புதிய இருசக்கர வண்டிகளுக்கு ஐந்தாண்டும் மூன்றாம் தரப்புக் காப்பீட்டை ஒருசேர எடுக்க வேண்டும் என்றது. 2018 செப்டம்பர் 1 முதல் அது நடைமுறையானது. முதலாண்டு முடிந்ததும் புதுப்பிக்காமல் ஓடும் வண்டிகளே இந்த ஆணைக்குக் காரணம். அவ்வண்டிகள் மோதினால் பாதசாரிக்கு 1946க்கு முந்திய நிலைதான். இழப்பீட்டுக்குரிய பாதி இவ்வாறு ஒரே கம்பெனியில் மூன்று அல்லது ஐந்து ஆண்டுகள் பூட்டப்பட்டது. சேதத்திற்குரிய பாதியையும் உடன் பூட்டுவது முறையன்று என்பதால், 2019 செப்டம்பர் 1 முதல் சொந்தச் சேதப் பாலிசியைத் தனியே எடுக்கும் வழி திறந்தது.

2022 ஜூன் 1 முதல் மூன்றாம் தரப்புக் கட்டணத்தை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஆணையத்தைக் கலந்து அறிவிக்கிறது. 75 முதல் 150 சி.சி. வரையுள்ள இருசக்கர வண்டிக்கு ஆண்டுக்கு 714 ரூபாய். புது வண்டியானால் ஐந்தாண்டுக்கு 3,851 ரூபாய் என்பது அந்த அறிவிப்பின் விகிதம். வடமாலபேட்டையில் அப்படியொரு வண்டியை வாங்குபவர் இரண்டாம் ஆண்டில் சொந்தச் சேதப் பாலிசியை எந்தக் கம்பெனிக்கும் கொண்டுசெல்லலாம். போனஸும் அவரோடு போகும். வண்டிப் பெட்டியில் இரண்டு தாள்கள் இருக்கும்: இரண்டு கம்பெனிகள், இரண்டு காலாவதி நாள்கள். சாலையோரம் காவலர் கேட்பது அவற்றுள் ஒன்றைத்தான். அதில் வண்டிக்காரரின் பெயர் இருக்கிறது. யாருக்காக அது எழுதப்பட்டதோ அவருடைய பெயர் எதிலும் இல்லை.